எண்ணெய் வேறு, தண்ணீர் வேறு

ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகம் கொடுத்துப் பேசாத இருவரைப் பார்த்தால், "எண்ணெயும் தண்ணீரும் மாதிரி இருக்கிறார்கள்" என்று சொல்வது நம் ஊர் வழக்கம். இரண்டும் ஒன்றோடொன்று சேராது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அப்படியானால் கழிவுநீரில் உள்ள எண்ணெயைப் பிரித்தெடுப்பது மட்டும் ஏன் இவ்வளவு பெரிய வேலையாக இருக்கிறது? தாமாகவே விலகி நிற்கிற இரண்டு பொருள்களைப் பிரிக்க ஆராய்ச்சிக்கூடமும், கோடிக்கணக்கான ரூபாயில் இயந்திரமும் எதற்கு?

2023 டிசம்பர் மாதத்துக்குப் பிறகு இந்தக் கேள்வியைத் தமிழ் நண்பர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்த மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை வெள்ளக்காடாக்கியது நினைவிருக்கும். அந்த வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில், அதாவது எண்ணூர்க் கழிமுகத்தில், போய்ப் பரவியது. காட்டுக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப் போயின. சிறகெல்லாம் எண்ணெய் அப்பிப் பறக்க முடியாமல் நின்ற கூழைக்கடாக்களின் படங்களைப் பத்திரிகைகளில் பார்த்தோம். மீனவர்களே படகில் சென்று, கையால் எண்ணெயை அள்ளி டிரம்களில் நிரப்பியதையும் பார்த்தோம்.

அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பும் இதே காட்சிதான். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அப்பால் பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டபோதும், கரையில் ஒதுங்கிய எண்ணெயை வாளிகளில்தான் அள்ளினார்கள். "எண்ணெயைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடுகிற சவ்வு கண்டுபிடித்துவிட்டார்களாமே, அதைக் கொண்டுவந்து போட்டிருக்கக் கூடாதா?" என்பதுதான் நண்பர்களின் கேள்வி. நியாயமான கேள்வி. அத்தகைய சவ்வு இருப்பது உண்மை. ஆனால் அது எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்று தெரிந்துகொண்டால்தான் யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதும் நமக்கு விளங்கும்.

ரசமும் பாலும்

முதலில் எண்ணெய் தண்ணீரில் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்போம். தாளித்துக் கொட்டிய ரசத்தின் மேல் எண்ணெய் கண் கண்ணாக மிதக்கும். கரண்டியால் சாய்த்து எடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். பாலும் தண்ணீரில் கொழுப்பு கலந்த பொருள்தான். ஆனால் பாலிலிருந்து கொழுப்பைக் கரண்டியால் எடுக்க முடியுமா? தயிராக்கிக் கடைந்தால்தான் வெண்ணெய் திரளுகிறது. கொழுப்பு அதில் மிக நுண்ணிய துளிகளாகச் சிதறி, துளி ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய புரத உறையால் மூடப்பட்டு, ஒன்றோடொன்று சேராமல் நிற்பதுதான் காரணம். இப்படிப்பட்ட கலவைக்குப் பால்மம் என்று பெயர்.

தொழிற்சாலைக் கழிவுநீரிலும் இந்த இரண்டு நிலைகளும் உண்டு. பொறியாளர்கள் துளியின் அளவை மைக்ரானில் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும். 150 மைக்ரானுக்கு மேற்பட்ட துளிகள் ரசத்தின் எண்ணெய் போலத் தாமே மிதந்து வரும். 20 முதல் 150 வரை உள்ளவை மெதுவாக வரும். 20க்குக் கீழ்ப்பட்டவை பால்மம். இவை தவிர, தண்ணீரிலேயே கரைந்துவிடும் சிறு பகுதியும் உண்டு.

அளவில் என்ன அத்தனை வித்தியாசம் என்று தோன்றலாம். அயர்லாந்தில் பிறந்த ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி 1851ஆம் ஆண்டிலேயே இதற்குக் கணக்குச் சொல்லிவிட்டார். துளி மேலே ஏறும் வேகம் அதன் குறுக்களவின் வர்க்கத்தைப் பொறுத்தது. குறுக்களவு பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். தண்ணீரைவிடப் பத்து சதவீதம் இலேசான எண்ணெயை எடுத்துக்கொள்வோம். 150 மைக்ரான் துளி ஒரு மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வர ஏறக்குறைய 14 நிமிடம் ஆகும். 10 மைக்ரான் துளிக்கு இரண்டு நாளுக்கு மேல் ஆகும். ஒரு மைக்ரான் துளிக்கோ, தண்ணீர் அசையாமல் இருந்தால்கூட, ஏழு மாதம் ஆகும்! நடைமுறையில் அது மேலே வரவே வராது. சிறு சலனமும் அதை அங்குமிங்கும் அலைக்கழித்துவிடும்.

தில்லியில் மதர் டெய்ரி டோக்கன் பால் வாங்குகிறவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். கறந்த பசும்பாலை அப்படியே வைத்தால் கொழுப்பு மேலே திரண்டு நிற்கிறது. இயந்திரத்தில் கொழுப்புத் துளிகளை உடைத்துச் சிறிதாக்கிய பாலில் அப்படித் திரள்வதில்லை. ஸ்டோக்ஸ் சொன்ன கணக்குதான் அதற்கும் காரணம்.

பழைய வழிகள்

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் வெகுகாலமாக உள்ள ஏற்பாடு படிப்படியானது. முதலில் கழிவுநீரை நீண்ட தொட்டியில் மெதுவாக ஓட விடுவார்கள். மிதக்கும் எண்ணெயை மேலிருந்து வழித்தெடுப்பார்கள், அடியில் தங்கும் சேற்றைக் கீழிருந்து எடுப்பார்கள். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வகுத்த முறை என்பதால் இதற்கு ஏ.பி.ஐ. பிரிப்பான் என்று பெயர். இது 150 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துளிகளை மனத்தில் வைத்து வடிவமைக்கப்படுவது. சின்னத் துளிகள் இதில் தப்பிவிடும்.

அடுத்தது, தண்ணீரில் காற்றை அழுத்தத்தில் கரைத்துப் பிறகு அழுத்தத்தைத் திடீரென்று விடுவிக்கும் முறை. சோடாப் புட்டியைத் திறந்ததும் குமிழ் பொங்குவது போலப் பொங்கும். அந்த நுண்குமிழ்கள் எண்ணெய்த் துளிகளைப் பற்றிக்கொண்டு மேலே தூக்கிவரும். துளிகள் திரளுவதற்காகப் படிகாரம் போன்ற உப்புகளையும் சேர்ப்பார்கள். மூன்றாவதாக, எஞ்சியதை நுண்ணுயிர்கள் தின்னும் தொட்டிகள்.

இவ்வளவும் ஒழுங்காக நடந்தால் நீர் ஓரளவு சுத்தமாகிவிடும். ஆனால் சட்டம் கேட்கும் அளவு கடுமையானது. நம் நாட்டில் ஆறு, ஏரி போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் எண்ணெய் இருக்கக் கூடாது என்பது பொதுவிதி. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு 2008ஆம் ஆண்டு விதிகளின்படி 5 மில்லிகிராம்தான் வரம்பு. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லிகிராம் என்பது ஒரு சொட்டின் சிறு பகுதி. பாலைப் போலக் கலங்கி நிற்கும் கழிவுநீரை அந்த அளவுக்குக் கொண்டுவருவதற்குத்தான் சவ்வின் உதவி தேவைப்படுகிறது.

சவ்வும் சௌரிராஜனும்

சவ்வு என்றால் மிக நுண்ணிய துளைகள் கொண்ட மெல்லிய படலம். சல்லடை போலத்தான், துளை மட்டும் கண்ணுக்குத் தெரியாது. எண்ணெயைப் பிரிக்கும் சவ்வுகளில் துளை ஏறக்குறைய ஒரு மைக்ரானின் நூறில் ஒரு பங்கிலிருந்து ஒரு மைக்ரான் வரை இருக்கும். வீடுகளில் குடிநீருக்கு வைத்திருக்கிறோமே ஆர்.ஓ., அதில் உள்ள சவ்வு இதைவிட நுண்மையானது, உப்பையே தடுத்துவிடும்.

இந்தத் துறை தொழிலாக வளர்ந்ததற்கு அடிக்கல் நாட்டிய இருவரில் ஒருவர் இந்தியர். 1950களின் கடைசியில் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவருடன் சேர்ந்து ஸ்ரீநிவாஸ சௌரிராஜன் ஒரு புதுவகைச் சவ்வைச் செய்தார். பெயரைக் கேட்டதுமே நமக்குத் திருக்கண்ணபுரத்துப் பெருமாள் நினைவுக்கு வருவார். அதுவரை இருந்த சவ்வுகள் உப்பைத் தடுத்தன, ஆனால் தண்ணீரும் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. இவர்கள் செய்ததில் மேலே மிக மெல்லிய இறுகிய தோல், அதற்குக் கீழே தாங்கிப் பிடிக்கும் பஞ்சு போன்ற பகுதி என்று இரண்டு அமைப்பு. தடுக்கும் வேலையை மெல்லிய தோல் மட்டும் செய்ததால் தண்ணீர் தாராளமாக வந்தது. இன்று எண்ணெய் நீருக்குப் பயன்படும் சவ்வுகள் பலவும் இதே அமைப்பில்தான் செய்யப்படுகின்றன.

ஒட்டிக்கொள்ளும் தொல்லை

ஒரு மைக்ரான் துளியைத் தடுக்கப் பத்தில் ஒரு மைக்ரான் துளை போதும். ஆகவே சவ்வைப் போட்டதும் பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. ஏனென்றால் சவ்வு செய்யப் பயன்படும் பிளாஸ்டிக்குகளில் பெரும்பாலானவை எண்ணெயோடு உறவு கொண்டாடுபவை. எண்ணெய் வைத்த பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவிப் பார்த்த எந்தத் தாய்மாருக்கும் இது தெரியும். எவர்சில்வர் டப்பா ஒரு தேய்ப்பில் சுத்தமாகும், பிளாஸ்டிக் டப்பா மூன்று முறை தேய்த்தாலும் பிசுபிசுக்கும்.

சவ்விலும் அப்படித்தான். எண்ணெய்த் துளி வந்து மேலே ஒட்டும், பரவும், துளைகளை மூடும். சில மணி நேரத்திலேயே தண்ணீர் வரத்து பாதியாகிவிடக் கூடும். அதிக அழுத்தம் கொடுத்தால் எண்ணெய் துளைக்குள்ளேயே புகுந்துவிடும். பிறகு காரம் போட்டுக் கழுவ வேண்டும், தண்ணீரைப் பின்னோக்கிச் செலுத்த வேண்டும். ஒவ்வொரு கழுவலிலும் சவ்வின் ஆயுள் குறைகிறது. ஆலை முதலாளிகள் சவ்வைக் கண்டு தயங்கியதற்கு விலை ஒரு காரணம். இந்த அடைப்பு அதைவிடப் பெரிய காரணம்.

தாமரை இலையும் மீன் செதிலும்

இங்கேதான் பூச்சு வருகிறது. சவ்வின் மேல் எண்ணெய் ஒட்டாதபடி ஒரு மெல்லிய பூச்சுப் பூசிவிட்டால் என்ன?

ஒட்டாமை என்றதும் நமக்குத் தாமரை இலைத் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். அந்த இலையில் ஏன் தண்ணீர் ஒட்டுவதில்லை என்பதை ஜெர்மனியைச் சேர்ந்த பார்த்லாட், நைன்ஹூயிஸ் என்ற தாவரவியலாளர்கள் 1997இல் விரிவாக விளக்கினார்கள். இலையின் மேல் நுண்ணிய மேடுகள், அவற்றின் மேல் மெழுகு. மேடுகளுக்கு இடையில் காற்று தங்குவதால் தண்ணீர் உருண்டு ஓடிவிடுகிறது. 2004இல் சீன விஞ்ஞானிகள் இதே தத்துவத்தில், நான்ஸ்டிக் தவாவில் உள்ள டெஃப்லானைக் கம்பி வலையில் பூசினார்கள். அந்த வலை தண்ணீரைத் தடுத்து எண்ணெயை விட்டது.

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் கழிவுநீருக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. கழிவுநீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர்தான். எண்ணெயை வெளியே விடும் வலையில் எண்ணெய் படிந்து அடைத்துக்கொள்ளும். மேலும் எண்ணெயைவிடத் தண்ணீர் கனமானது. அது அடியில் போய் வலையை மூடிக்கொள்ள, மேலே மிதக்கும் எண்ணெய் வலையைத் தொடவே முடியாமல் நிற்கும்.

விடை வேறொரு இடத்தில் கிடைத்தது. எண்ணெய் மிதக்கும் தண்ணீரிலும் மீனின் செதில் ஏன் சுத்தமாக இருக்கிறது? லெய் ஜியாங் என்ற சீன விஞ்ஞானியின் குழு 2009இல் இதை ஆராய்ந்து சொன்னது. மீன் செதில் தண்ணீரை வெறுப்பதில்லை, மிக விரும்புகிறது. தன் நுண்ணிய மேடுபள்ளங்களில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எண்ணெய்த் துளி வந்து தொடுவது செதிலை அல்ல, அந்தத் தண்ணீர்ப் படலத்தை. தண்ணீரோடு எண்ணெய் சேராது என்பதால் அது விலகிப் போகிறது. 2011இல் அதே குழுவினர் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் கூழ் போன்ற பொருளை எவர்சில்வர் வலையில் பூசிக் காட்டினார்கள். தண்ணீர் இறங்கிப் போயிற்று, எண்ணெய் மேலேயே நின்றது.

ஆக, எண்ணெயைத் தடுக்க வேண்டுமானால் எண்ணெயை விரட்டும் பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை. தண்ணீரை விட்டுப் பிரியாத பொருளைப் பூசினால் போதும். மீதியைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும்.

இதை வீட்டிலேயே குழந்தைகளுக்குச் செய்து காட்டலாம். ஒரு பருத்திக் கைக்குட்டையை இரண்டாக மடித்து, தண்ணீரில் நன்றாக நனைத்துப் பிழிந்து, டம்ளரின் வாயில் ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். கொஞ்சம் தண்ணீரும் நல்லெண்ணெயும் சேர்த்து மெதுவாக ஊற்றுங்கள். தண்ணீர் இறங்கும், எண்ணெய் துணியின் மேல் நிற்கும். பிறகு இன்னொரு கைக்குட்டையை முதலில் எண்ணெயில் நனைத்துவிட்டு அதே போலச் செய்து பாருங்கள். இப்போது எண்ணெய் இறங்கும், தண்ணீர் தயங்கி நிற்கும். துணி ஒன்றுதான். முதலில் யார் வந்து உட்கார்ந்தார்களோ அவர்களுக்கே இடம். சவ்வை வேலைக்கு விடுமுன் நன்றாகத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும் என்பதன் காரணமும் இதுவே.

பூசுவது எப்படி?

தண்ணீரை விரும்பும் பொருள்கள் பல உண்டு. அவற்றைப் பிளாஸ்டிக்கின் மேல் நிலையாக ஒட்டவைப்பதுதான் கடினம். இதற்கும் கடல்தான் வழி காட்டியது. பாறையில் ஒட்டிக்கொண்டு எந்த அலைக்கும் அசையாத கல்லுமக்காய் என்ற சிப்பி தண்ணீருக்குள்ளேயே ஒட்டும் ஒரு பசையைச் சுரக்கிறது. அந்தப் பசையின் வேதியியலைப் பின்பற்றி, அமெரிக்காவில் மெஸ்ஸர்ஸ்மித் என்பவரின் குழு 2007இல் டோபமின் என்ற பொருளைப் பூச்சாகப் பயன்படுத்திக் காட்டியது. நம் மூளையில் சுரக்கும் அதே டோபமின்தான். சற்றே காரத்தன்மை உள்ள நீரில் அதைக் கரைத்து, காற்றுப் படும்படி பொருளை மூழ்க வைத்தால் போதும். பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய படலம் எதன் மேலும் படிந்துவிடும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இதையே எண்ணெய் நீர்ச் சவ்வுகளின் மேல் பூசிப் பார்த்து, அடைப்பு குறைவதைக் கண்டார்கள்.

இது தவிர, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான், டைட்டானியம் ஆக்ஸைடுத் துகள்கள், கிராஃபீன் ஆக்ஸைடு என்று பல பூச்சுகளைச் சோதித்திருக்கிறார்கள். பிளாஸ்டிக்குக்குப் பதிலாகப் பீங்கான் போன்ற அலுமினாக் குழாய்களின் உட்புறத்தில் சிர்க்கோனியா அல்லது டைட்டானியாவைப் படிய வைத்துச் செய்யும் சவ்வுகளும் உண்டு. விலை அதிகம்தான். ஆனால் கொதிக்கும் காரத்தில் கழுவினாலும் தாங்கும்.

பூச்சிலும் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. டோபமின் பூச்சு ஒரு நாள் முழுதும் படியவிட்டால் ஒரு மைக்ரானின் இருபதில் ஒரு பங்கு கனம் வரும். சவ்வின் துளையே பத்தில் ஒரு மைக்ரான் என்றால், துளையின் இரு பக்கமும் அந்தக் கனம் ஏறினால் துளையே மூடிவிடும்! மெல்லியதாகப் பூசினால் சீக்கிரம் தேய்கிறது, கனமாகப் பூசினால் தண்ணீர் வருவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான அளவைப் பிடிப்பதில்தான் இன்றைய ஆராய்ச்சியின் பெரும்பகுதி நடக்கிறது.

சோப்பு என்ற எதிரி

துளைக்குள் எண்ணெயைத் திணிக்க ஒரு குறைந்தபட்ச அழுத்தம் தேவை. எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இடையிலுள்ள இழுவிசை எவ்வளவு அதிகமோ, துளை எவ்வளவு சிறிதோ, அவ்வளவு அழுத்தம் வேண்டும். பத்தில் ஒரு மைக்ரான் துளையில் சாதாரண எண்ணெய் புகக் கிட்டத்தட்ட எட்டு வளிமண்டல அழுத்தம் வேண்டியிருக்கும். இத்தகைய சவ்வுகளைப் பொதுவாக ஒன்று முதல் மூன்று வரையிலான அழுத்தத்தில்தான் இயக்குவார்கள். ஆகவே எண்ணெய் புகாது.

ஆனால் கழிவுநீரில் சோப்பு கலந்திருந்தால்? எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் சமாதானம் செய்து வைப்பதுதானே சோப்பின் வேலை! இழுவிசை பத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டால், ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குள்ளேயே எண்ணெய் துளையில் புகுந்துவிடும். மோட்டார்ப் பட்டறை, உலோகக் கடைசல், உணவுத் தொழிற்சாலை ஆகியவற்றின் கழிவுநீர் மிதக்கும் எண்ணெயைவிடத் தொல்லை தருவது இதனால்தான். அத்தகைய நீருக்கு இன்னும் சிறிய துளை வேண்டும். துளை சிறிதானால் தண்ணீர் வரத்தும் குறையும்.

தடுத்த எண்ணெய் எங்கே போகிறது?

சவ்வு எண்ணெயை ஒழிப்பதில்லை, ஒதுக்கித்தான் வைக்கிறது. ஆயிரம் லிட்டர் கழிவுநீரில் 950 லிட்டர் சுத்தமாக வெளியே வந்தால், மீதி ஐம்பது லிட்டரில் எண்ணெய் முழுவதும் செறிந்து நிற்கும். அதை என்ன செய்வது? மீட்க முடிந்த எண்ணெயை மீட்டபின் கடைசியில் மிஞ்சுவது எண்ணெய்ச் சேறு.

இந்தச் சேற்றுக்கு ஒரு வழி கண்டவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். லோதி ரோட்டில் உள்ள இந்தியா ஹேபிடாட் சென்டரின் செங்கல் கட்டடத்தைத் தெரியாத தில்லித் தமிழர் குறைவு. நம் தமிழ்க் கல்விக் கழகத்தின் லோதி எஸ்டேட் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்கள் அந்தப் பக்கம் எத்தனையோ முறை போயிருப்பார்கள். கச்சேரிக்கும் கண்காட்சிக்கும் நாம் போகும் அதே வளாகத்தில்தான் டெரி என்ற நிறுவனமும் இருக்கிறது. 1974இல் டாடா எரிசக்தி ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கி, 2003இல் பெயர் மாறியது. எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாக்களைத் தேர்ந்தெடுத்துக் கூட்டாக வளர்த்து, மக்காச்சோளக் கதிரின் சக்கைப்பொடியில் ஏற்றி, 'ஆயில்ஸாப்பர்' என்ற பெயரில் இவர்கள் உருவாக்கினார்கள். இதற்கு உதவிய மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை அலுவலகமும் அதே லோதி ரோட்டில், சி.ஜி.ஓ. வளாகத்தில்தான் இருக்கிறது. 2007இல் ஓ.என்.ஜி.சி.யும் டெரியும் சேர்ந்து இதற்கென ஒரு கம்பெனியே தொடங்கின. 2010 ஆகஸ்டில் மும்பைத் துறைமுகம் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் சிந்தியபோதும் இந்தப் பாக்டீரியாக்களைக் கரையில் பயன்படுத்தினார்கள்.

சவ்வு நிமிடக் கணக்கில் வேலை செய்கிறது, பாக்டீரியா மாதக் கணக்கில். ஒன்று தண்ணீரைக் காப்பாற்றுகிறது, மற்றது மண்ணை. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை முழுமையாகும்.

எண்ணூருக்கு உதவியிருக்குமா?

இனி நண்பர்களின் கேள்விக்கு வருகிறேன். கழிமுகத்தில் பரவிவிட்ட எண்ணெயைப் பூச்சுச் சவ்வால் எடுத்திருக்க முடியாது. அங்கே மிதந்தது கனத்த எண்ணெய். அதோடு சேறும் குப்பையும் செடிகொடியும் கலந்திருந்தன. அத்தகைய நீரை நேரே சவ்வுக்குக் காட்டினால் சில நிமிடத்தில் அடைத்துவிடும். திறந்த நீரில் பரவிய எண்ணெய்க்கு மிதவைத் தடுப்பும் வழித்தெடுக்கும் இயந்திரமும்தான் கருவி. அதுவும் முதல் சில மணி நேரத்தில் வர வேண்டும்.

அப்படியானால் ஆலைக்குள் இருந்திருந்தால்? இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர கிலோமீட்டர் ஆலை நிலத்தில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் சேருவது பத்துக் கோடி லிட்டர் தண்ணீர். மிக்ஜாம் கொட்டியது இதைவிட அதிகம். எண்ணெய் கலந்த நீரில் ஒரு சதுர மீட்டர் சவ்வு மணிக்கு நூறு லிட்டர் தண்ணீர் கொடுத்தாலே நல்ல வேகம். பத்துக் கோடி லிட்டரையும் ஒரே நாளில் வடிகட்ட நாற்பதாயிரம் சதுர மீட்டருக்கு மேல் சவ்வு வேண்டும். அதாவது பத்து ஏக்கர் பரப்பு! எந்த ஆலையும் வெள்ளத்துக்காக அப்படி ஒரு சவ்வுக்கூடம் கட்டாது.

ஆகவே சவ்வுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மழைநீர் ஓடும் வழியையும் எண்ணெய் இருக்கும் இடத்தையும் சேரவிடாமல் தனித்தனியே வைக்க வேண்டும். எண்ணெய் படும் இடங்களைச் சுற்றி வரப்பு, அங்கே விழும் முதல் மழையைப் பிடித்து வைக்கும் பெரிய தொட்டி, அந்தத் தொட்டி நீரைப் பின்னர் நிதானமாகப் பிரித்துச் சவ்வில் விடுவது என்ற வரிசைதான் சரியான வழி. சவ்வு நிதானமாக வேலை செய்யும் கருவி. வெள்ளத்தோடு அதைப் போட்டிக்கு விடக் கூடாது.

2023இல் தவறியது இந்த முதல் படிதான். மணலியிலுள்ள சென்னை பெட்ரோலியம் ஆலையின் மழைநீர் ஏற்பாட்டில் குறை இருந்ததாகத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூறியது. எண்ணெய்க் குழாயில் கசிவு ஏதும் இல்லை என்று நிறுவனம் சொன்னது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. நான் சொல்ல வருவது எளிய விஷயம்தான். குழாய் உடைந்து கசியாவிட்டாலும், தரையில் கிடக்கும் எண்ணெயை வெள்ளம் எடுத்துப் போகும். ஆலையைப் பார்வையிடப் போகிறவர்கள் குழாயை மட்டும் பார்க்காமல் வடிகாலையும் பார்க்க வேண்டும். "நவீன சவ்வு போட்டுவிட்டோம்" என்று யாராவது சொன்னால், "மழைநீர் எந்த வழியாகப் போகிறது? தேக்கும் தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும்?" என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

சவ்வுக்கு உரிய இடமும் அதே பகுதியில் இருக்கிறது. மணலித் தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் கொடுப்பதற்காக 2019இல் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 45 மில்லியன் லிட்டர் கழிவுநீரைச் சவ்வுகளால் சுத்தம் செய்யும் நிலையம் தொடங்கப்பட்டது. நிதானமாக, ஒரே அளவில், முன்சுத்தம் செய்து வரும் நீரில் சவ்வு எத்தனை நல்ல வேலை செய்யும் என்பதற்கு அது சான்று. ஆலைகள் தங்கள் எண்ணெய்நீரையும் இப்படிச் சுத்தம் செய்து தாங்களே திரும்பப் பயன்படுத்தினால், குடிதண்ணீருக்குத் திண்டாடும் சென்னைக்கு அது இரட்டை லாபம்.

நம் சமையலறையிலிருந்து

கடைசியாக நம்மைப் பற்றி. தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட்ட எண்ணெயைத் தொட்டியில் கொட்டிவிட்டு, மேலே சோப்புத்தூள் போட்டு வெந்நீர் ஊற்றிவிட்டால் போய்விட்டது என்று நினைக்கிறோம். அது போகவில்லை. சோப்பு அதைப் பால்மமாக்கிவிட்டது, அவ்வளவே. எவராலும் எளிதில் பிரிக்க முடியாத நிலைக்கு அதைக் கொண்டுபோனது நாம்தான். லோதி காலனி, ஜங்புரா பக்கத்துச் சாக்கடைகள் பாராபுல்லா நாலாவில் சேருகின்றன. ஜஹாங்கீர் காலத்தில் கட்டிய பழைய பாலத்தின் பெயரைத் தாங்கிய அந்த நாலா, நிஜாமுத்தீனைத் தாண்டி யமுனையில் கலக்கிறது.

செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. வாணலியைக் கழுவுமுன் பழைய காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போடலாம். மிச்ச எண்ணெயை ஆறவிட்டுப் பாட்டிலில் சேர்த்து வைக்கலாம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் தொடங்கிய 'ரூகோ' திட்டத்தின்படி, பயன்படுத்திய சமையல் எண்ணெயைச் சேகரித்து டீசலுக்கு மாற்றாகப் பயன்படும் உயிரி எரிபொருளாக்குகிறார்கள். நம் சங்க விழாக்களில் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைக்கும் போது மிஞ்சும் எண்ணெயை இந்த வழியில் கொடுக்கச் சமையல் ஒப்பந்தக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

எண்ணெயும் தண்ணீரும் இயல்பாகவே சேராதவை. அவற்றை முதலிலேயே தனித்தனியாக வைத்துவிட்டால் செலவு காசு கணக்கில் முடிந்துவிடும். கலந்தபின் பிரிக்க வேண்டுமானால் கோடிக் கணக்கில் ஆகும். பிரிக்காமலே விட்டால் என்ன ஆகும் என்பதைக் காட்டுக்குப்பத்து மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.